ஜவுளிக்கடை முதலாளிமார்களுக்கு: லீவு நாளை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்

மதிப்பிற்குரிய அண்ணாச்சிமார்களுக்கும், வணிகர் சங்கங்களில் பொறுப்பில் இருக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

நான் சென்னையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலை செக்‌ஷனில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். பிளஸ் டூ முடித்த கையோடு இங்கே வந்து, கடை ஆஸ்டலில் தங்கி வேலை பழகி, கல்யாணம் ஆகி, இப்போது வாடகை வீட்டிலிருந்து வந்து போகிறேன். மகள் பள்ளிக்கூடம் போகிறாள். கடையின் பெயரை எழுதவில்லை, எழுத வேண்டிய அவசியமும் இல்லை. என்னோடு ஆஸ்டலில் இருந்த பிள்ளைகள் இன்றைக்கு மதுரை, கோவை, திருநெல்வேலி என்று பல ஊர்க் கடைகளில் இருக்கிறார்கள். போனில் பேசினால் எல்லோரும் சொல்வது கிட்டத்தட்ட ஒன்றுதான்.

கேட்க வந்த விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு வாரத்தில் எந்த நாள் லீவு என்பதை ஒரு மாதம் முன்னாலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். ஒட்டியதை மாற்றாதீர்கள். சம்பளத்தைப் பற்றி இந்த மடலில் பேசவில்லை. அதற்குத் தனியாகவே எழுத வேண்டும்.

இப்போது எப்படி நடக்கிறது என்பது மேல் மாடியில் ஆபீஸில் இருக்கும் உங்களுக்குத் தெரியாமல் போக வாய்ப்பு உண்டு. ராத்திரி ஷட்டர் பாதி இறங்கிய பிறகு, நாங்கள் பிரித்துப் போட்ட சேலைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருக்கும்போது, ஃப்ளோர் சூப்பர்வைசர் வந்து நாளைக்கு யார் யாருக்கு லீவு என்று சொல்லிவிட்டுப் போவார். மறுநாள் முகூர்த்தமாக இருந்தால், வேறு செக்‌ஷனில் ஆள் குறைந்தால், வெளியூரிலிருந்து கல்யாணக் கூட்டம் வருவதாகப் போன் வந்திருந்தால் அதுவும் மாறிவிடும். அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கு மேலே இருந்து நெருக்கடி. ஆனால் லீவு நாளைக்கு என்று ராத்திரி ஒன்பதரை மணிக்குத் தெரிந்தால், அந்த லீவை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? தூங்கலாம், துணி துவைக்கலாம். அதற்கு மேல் ஒன்றும் முடியாது. மற்றதெல்லாம் இன்னொருவரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டிய காரியங்கள்.

மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம் சனிக்கிழமை. டாக்டரிடம் டோக்கன் முதல் நாளே வாங்க வேண்டும். நாத்தனாருக்கு வளைகாப்பு என்றால் வருகிறேனா இல்லையா என்று ஒரு வாரம் முன்னால் வாக்குக் கொடுக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வம் சாஸ்தா கோயிலுக்குப் போகாத குடும்பம் இல்லை. எங்கெங்கோ இருக்கிற சொந்தமெல்லாம் அன்றைக்குத்தான் ஒரே இடத்தில் பொங்கல் வைக்கும். இவை எதற்கும் "பார்ப்போம்" என்பதுதான் கடையில் கிடைக்கிற பதில். நாங்களும் சொந்தக்காரர்களிடம் "பார்ப்போம்" என்றே சொல்லிச் சொல்லி, ஒரு கட்டத்தில் அவர்கள் எங்களைக் கூப்பிடுவதையே நிறுத்திவிடுகிறார்கள். ஆள் இல்லாமல் போவது எங்கள் வாழ்க்கையில் இப்படித்தான் நடக்கிறது. சண்டை போட்டுப் பிரிவதில்லை.

சுடிதார் செக்‌ஷனில் ஒரு பெண். தங்கைக்கு நிச்சயதார்த்தம். தேதி குறித்த அன்றே வந்து லீவு கேட்டாள். "பார்ப்போம்மா, நாள் இருக்குல்ல" என்றார்கள். ஊருக்குப் போகும் ரயிலில் 60 நாளுக்கு முன்னால் முன்பதிவு திறக்கிறது. நெல்லை எக்ஸ்பிரஸ், பொதிகை எக்ஸ்பிரஸ் எல்லாம் எவ்வளவு வேகமாக நிரம்பும் என்று எங்கள் பக்கத்து அண்ணாச்சிமார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவளுக்கு லீவு உறுதியானது முதல் நாள் சாயங்காலம். எழும்பூருக்கு ஓடி, முன்பதிவில்லாப் பெட்டியில் கதவோரம் நின்றுகொண்டே போயிருக்கிறாள். வண்டி தாமதம். வீட்டு வாசலில் கால் வைத்தபோது தட்டு மாற்றி முடித்து, மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்களாம். அந்த நிச்சயதார்த்தப் புடவையை இவள்தான் கடையிலிருந்து எடுத்து அனுப்பியிருந்தாள். கட்டிவிடக் கொடுத்து வைக்கவில்லை. லீவு கொடுக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது, கொடுத்தார்கள்தான். பத்து நாள் முன்னால் அதே லீவைச் சொல்லியிருந்தால் கடைக்கு ஒரு ரூபாய் கூடச் செலவில்லை.

சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோபமாகச் சொல்லவில்லை. கடைகள், நிறுவனங்களுக்கான 1947-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்கிறது. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளைக்கு 10, வாரத்துக்கு 54 தாண்டக் கூடாது. ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம். தொடர்ந்து 4 மணி நேரம் வேலை பார்த்தால் ஒரு மணி நேரம் ஓய்வு. வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு. இதெல்லாம் எங்கள் பாட்டி காலத்திலிருந்தே ஏட்டில் இருக்கிறது. அப்புறம் 2019-இல், 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் வருஷம் முழுவதும் திறந்திருக்கலாம் என்று அரசாணை வந்தது. பிறகு அதை நீட்டித்தும் கொடுத்தார்கள். அந்த அரசாணை வந்ததில் வியாபாரிகள் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அதோடு வந்த நிபந்தனைகளைத் தயவுசெய்து ஒரு முறை எடுத்துப் படியுங்கள். ஒவ்வொரு பணியாளருக்கும் சுழற்சி முறையில் வாரம் ஒரு நாள் லீவு கொடுக்க வேண்டும், அந்த விவரத்தைக் கடையில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் வைக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. பெண்களை இரவு 8 மணிக்கு மேல் வேலை பார்க்க வைப்பதென்றால் எழுத்து மூலம் சம்மதம் வாங்க வேண்டும், பாதுகாப்பு வேண்டும், ஷிப்டில் வரும் பெண்களுக்குப் போக்குவரத்து ஏற்பாடு வேண்டும் என்றும் இருக்கிறது. நான் கேட்கும் பட்டியல் நான் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் கடை திறக்க உங்களுக்குக் கிடைத்த அனுமதியிலேயே அதுவும் சேர்ந்து வந்திருக்கிறது.

2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். 12 மணி நேரம் மனுஷன் வேலை பார்க்க முடியுமா என்று அந்தப் பத்து நாளும் டிவியில் பேசினார்கள். காலை ஒன்பதே காலுக்கு வருகைப் பதிவு, ராத்திரி மடித்து வைத்துவிட்டு இறங்கும்போது பத்து ஆகப் போகிறது. இடையில் சாப்பாட்டுக்கும் டீக்கும் போகிற நேரத்தைக் கழித்துவிட்டு நீங்களே கணக்குப் பாருங்கள். எங்களைப் பற்றி அப்போது யாரும் பேசவில்லை. அதனால்தான் இப்போது நான் எழுதுகிறேன்.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு என்ன இருக்கிறது என்பதையும் ஆண்களாகிய நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மத்திய அரசு 2024-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிஷம் செலவழிக்கிறார்கள். வீட்டு வேலை செய்யும் ஆண்கள் 88 நிமிஷம். 289 நிமிஷம் என்றால் ஐந்து மணி நேரத்துக்குப் பதினொரு நிமிஷம் குறைவு. கடையில் அவ்வளவு நேரம் நிற்கிறவளுக்கு இந்த ஐந்து மணி நேரம் எங்கிருந்து வரும்? தூக்கத்திலிருந்துதான் வெட்ட வேண்டியிருக்கிறது. என் வீட்டுக்காரர் ராத்திரிச் சமையலை அவரே பார்த்துக்கொள்கிறார். ஷேர் ஆட்டோ ஓட்டிவிட்டு வந்து, மகளுக்குத் தோசை ஊற்றிக் கொடுத்து, வீட்டுப்பாடம் பார்த்துத் தூங்க வைக்கிறார். எனக்கு அமைந்தது அப்படி, எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. ஆனால் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை சவாரி இல்லை, மகளுக்கும் அன்றைக்குத்தான் பள்ளி இல்லை. எனக்கு லீவு செவ்வாய், புதன் என்று வரும். மூன்று பேரும் ஒரே நேரத்தில் வீட்டில் முழித்துக்கொண்டிருப்பது அபூர்வம். மாதத்தில் ஒரே ஒரு ஞாயிறு, சுழற்சி முறையில், பிள்ளை வைத்திருக்கிற பெண்களுக்காவது கிடைத்தால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அனுபவிக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

வாரப் பத்திரிகைகளிலும் யூடியூபிலும் நிறைய அறிவுரை வருகிறது. அதிகாலையில் எழுந்திரு, நடைப்பயிற்சி போ, உனக்கென்று அரை மணி நேரம் ஒதுக்கு, வேலையையும் குடும்பத்தையும் சமமாகப் பார் என்கிறார்கள். நல்ல அறிவுரைதான், எனக்கும் அதையெல்லாம் செய்ய ஆசை. ஆனால் தன் நேரம் தன் கையில் இருக்கிறவர்களுக்குத்தான் அது உதவும். எங்கள் நேரம் உங்கள் கையில் இருக்கிறது அண்ணாச்சி. நாங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்வதும், பிள்ளையோடு பேசுவதும், மாமியார் ஆஸ்பத்திரியில் இருந்தால் போய் நிற்பதும், தபாலில் ஒரு டிகிரி படிப்பதும் நீங்கள் போடும் டூட்டி லிஸ்டைப் பொறுத்தது. உங்களிடமே நேரடியாக எழுத வேண்டும் என்று தோன்றியது அதனால்தான்.

உட்காரும் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் சேர்ந்து கேட்க ஆரம்பித்து, 2018-இல் கேரளத்தில் உட்காரும் உரிமை சட்டமானது. 2021 செப்டம்பரில் நம் சட்டமன்றத்திலும் திருத்தம் கொண்டுவந்து, 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். எங்கள் கவுண்ட்டருக்குப் பின்னாலும் ஸ்டூல் வந்தது. இப்போது அந்த ஸ்டூல் மேல் கட்டைப்பைக் கட்டு அடுக்கியிருக்கிறது. எடுத்துக் கீழே வைத்துவிட்டு உட்கார எங்களுக்கே தயக்கம். மேலே கேமரா இருக்கிறது, உட்கார்ந்தால் வியாபாரத்தில் ஆர்வமில்லை என்று ஒரு பேச்சு வந்துவிடும். காலில் இருந்து ரத்தத்தை மேலே தள்ளுவது கெண்டைக்கால் தசை. நடந்தால் அது வேலை செய்யும். ஒரே இடத்தில் அசையாமல் நின்றால் ரத்தம் கீழேயே தங்கி, நரம்பு சுருட்டிக்கொள்ளும். எங்கள் செக்‌ஷனில் மூத்த அக்காமார் யூனிஃபார்ம் சேலைக்குக் கீழே இறுக்கமான சாக்ஸ் போட்டுக்கொண்டு நிற்பது ஃபேஷனுக்காக இல்லை. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்காரலாம் என்று முதலாளி வாயால் ஒரு முறை ஃப்ளோரில் வந்து சொல்லிவிட்டுப் போனால் போதும். சட்டப் பிரிவை விட அந்த வார்த்தைக்குத்தான் சூப்பர்வைசர்கள் கட்டுப்படுவார்கள்.

போன் விஷயம் ஒன்று. வேலை நேரத்தில் போனை லாக்கரில் வைத்துவிட்டு வரச் சொல்கிறீர்கள், அது சரிதான். ஆனால் ஒவ்வொரு மாடியிலும் ஒரு போன் இருந்து, அந்த நம்பரைப் பிள்ளையின் பள்ளியில் கொடுத்து வைக்க அனுமதி இருந்தால் நிம்மதியாக நிற்போம். என் மகளுக்குப் பள்ளியில் காய்ச்சல் வந்து டீச்சர் கூப்பிட்டது, சாப்பாட்டு நேரத்தில் லாக்கரைத் திறந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இனி உங்கள் பக்கத்து நியாயத்துக்கு வருகிறேன். அது இல்லை என்று நான் நினைக்கவில்லை. சிபாரிசு எதுவும் இல்லாமல் வந்த ஒரு ஊர்ப் பிள்ளைக்கு வேலை கொடுத்து, தங்க இடமும் மூன்று வேளைச் சோறும் கொடுத்தது ஒரு கடைதான். என் அப்பாவுக்கு ஆபரேஷன் என்றபோது அட்வான்ஸ் கேட்டதும் கொடுத்தார்கள். அந்த நன்றி மறக்கவில்லை. உங்களில் பல பேர் சின்ன வயதில் சொந்தக்காரர் கடையில் பொட்டலம் கட்டி, கடையிலேயே படுத்து எழுந்து வந்தவர்கள். "நாங்க நிக்காத நிப்பா?" என்று நீங்கள் கேட்டால் அதில் உண்மை இருக்கிறது. ஆனால் நாளைக்கு நமக்கென்று ஒரு கடை என்கிற நினைப்பில் நின்றவர்கள் நீங்கள். ஒரு கடையில் நூற்றுக்கணக்கில் நிற்கிற பெண்கள் நாளைக்கு ஆளுக்கொரு ஜவுளிக்கடை போடப் போவதில்லை. எங்களுக்கு இந்த நாள்தான் வாழ்க்கை. பிள்ளை வளர்வதும் பெற்றவர்களுக்கு வயதாவதும் இந்த வருஷங்களில்தான் நடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைதான் வியாபாரம், அன்றைக்கு எப்படி ஆளை விடுவது என்று கேட்பீர்கள். எல்லோரையும் விடச் சொல்லவில்லை. ஆனால் திங்களிலிருந்து வியாழன் வரை காலைப் பொழுதில் எங்கள் மாடியில் சேலை பார்க்க வருபவர்கள் மிகக் குறைவு. அந்த நேரத்தில் எல்லோரும் வரிசையாக நின்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கூட்டம் வருவது சாயங்காலம் ஐந்துக்கு மேல்தான். ஒன்பதரைக்கு ஒரு பாதி, மதியம் பன்னிரண்டரைக்கு ஒரு பாதி என்று வந்தால், கூட்டம் இல்லாத நேரத்தில் ஆள் குறைவாகவும் கூட்டம் தொடங்கும் நேரத்தில் ஆள் நிறைவாகவும் இருக்கும். முதல் பாதிப் பெண்கள் ஆறு மணிக்கெல்லாம் வீட்டுக்குக் கிளம்பலாம். வார லீவையும் இந்த நாட்களில் பரப்பிப் போட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒவ்வொரு செக்‌ஷனிலும் ஓரிருவரை முறை வைத்து விட்டால் கடை தாங்கும். பாரிமுனை, சவுகார்பேட்டைப் பக்கம் மொத்த வியாபாரக் கடைகள் பெரும்பாலும் ஞாயிறன்று ஷட்டரை இறக்கிவிடுகின்றன, அவர்கள் வியாபாரமும் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது.

இன்னொன்று, இது உங்கள் லாபக் கணக்கிலேயே வரும். நன்றாகச் சேலை விற்கிற பெண் ஒருத்தி உருவாக வருஷம் ஆகும். வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்தே பட்ஜெட் தெரிந்து, எந்தக் கலரைப் பிரித்துப் போட்டால் எடுப்பார்கள் என்று கை தானாகப் போக வேண்டும். அப்படிப் பழகியவர்கள் கல்யாணம் ஆனதும், குழந்தை பிறந்ததும் நின்றுவிடுகிறார்கள். வேலை பிடிக்காமல் நிற்கவில்லை. வீட்டையும் கடையையும் ஒன்றாக ஓட்டுவதற்கு நேரம் இடம் கொடுக்கவில்லை. அவர்கள் இடத்தில் நீங்கள் மறுபடி ஒரு புதுப் பிள்ளையை ஊரிலிருந்து அழைத்து வந்து முதலிலிருந்து பழக்குகிறீர்கள்.

தீபாவளியைப் பற்றி ஒரு வேண்டுகோள். சீசனில் லீவு கேட்கக் கூடாது என்பது எங்களுக்குத் தெரியும், நாங்களும் கேட்பதில்லை. தீபாவளிக்கு முதல் நாள் நள்ளிரவு வரை நின்று, கடைசி வாடிக்கையாளரையும் அனுப்பிவிட்டுத்தான் கோயம்பேட்டுக்கும் கிளாம்பாக்கத்துக்கும் ஓடுகிறோம். ஊர் போய்ச் சேரும்போது மதியம் ஆகிவிடும், எண்ணெய் தேய்த்துக் குளித்து முடித்து எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். இதை ஏற்றுக்கொண்டுதான் இந்த வேலைக்கு வந்திருக்கிறோம். ஆனால் தீபாவளி முடிந்து எத்தனை நாள் கழித்துத் திரும்பி வர வேண்டும் என்பதையாவது ஆயுத பூஜைக்கு முன்னால் சொல்லிவிடுங்கள். திரும்பி வருவதற்கு டிக்கெட் எடுக்க வேண்டும். அம்மாவிடம் எத்தனை நாள் இருப்பேன் என்று சொல்ல வேண்டும்.

சங்கப் பொறுப்பில் இருக்கும் பெரியவர்கள் இதை ஒரு கூட்டத்தில் எடுத்துப் பேசினால் நல்லது. ஒரு கடை மட்டும் செய்தால் பக்கத்துக் கடை வியாபாரத்தை எடுத்துக்கொள்ளுமோ என்ற பயம் இருக்கத்தான் செய்யும். தெரு முழுக்க ஒரே முடிவாக இருந்தால் அந்தப் பயம் இருக்காது.

அடுத்த மாதம் 1-ஆம் தேதிக்கு முதல் பட்டியலைப் போட்டுப் பாருங்கள். பஞ்ச் வைக்கும் மெஷினுக்குப் பக்கத்துச் சுவர் காலியாகத்தான் இருக்கிறது, அங்கே ஒட்டலாம். முகூர்த்த நாட்களைக் காலண்டரில் பார்த்து முதலிலேயே தள்ளி வைத்துவிட்டு மீதி நாட்களில் பிரித்துப் போட்டால் பிறகு மாற்ற வேண்டிய தேவையே வராது. ஒருவருக்கு அவசரம் என்றால் இன்னொருவரோடு மாற்றிக்கொள்வதை நாங்களே பேசி, சூப்பர்வைசரிடம் சொல்லிவிடுகிறோம். பட்டியல் போடும்போது ஒவ்வொரு மாடியிலிருந்தும் இரண்டு பேரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள். எந்தக் கிழமை, எந்த நேரம், எந்த செக்‌ஷனில் எத்தனை ஆள் வேண்டும் என்பது எங்களுக்கு அத்துப்படி.

இப்படிக்கு,
சேலை செக்‌ஷனில் வேலை பார்க்கும் ஒரு பெண்
சென்னை